மூன்றாகப் பிரிந்த கரு

ஜனவரி 8, 2025. புதன்

இன்றைக்கும் அத்தா ஒரு சின்னக் குப்பியை என் கைப்பைக்குள் போடப் பார்த்தார். "புது மல்லி அத்தர்மா, ஒரே ஒரு சொட்டு" என்கிறார். பூந்தமல்லி கடைத்தெருவில் முப்பது வருடமாக அத்தர் விற்கிற ஹபிபுல்லாவின் மகள், வாசனையே ஆகாத வேலையில் இருப்பது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. நான் மணமில்லாத சோப்பில் குளித்து, தனிப் பையில் வைத்த துணியை உடுத்தி, அவர் கடைப்பக்கமே போகாமல் குமணன்சாவடிக்கு நடந்து பஸ் பிடிக்கிறேன். எங்கள் கருத்தரிப்பு மையத்து லேப்புக்குள் சின்ன வாசனை ஆவி புகுந்தாலும் அங்கே வளரும் கருக்களுக்கு ஆகாது.

"அதுக்கு மூக்கே கெடையாதுன்னு நீதானே சொன்னே" என்று மடக்கினார். மூக்கு இல்லாததுதான் பிரச்சினை, அத்தா. இருந்தால் பொத்திக்கொள்ளுமே.

திங்கட்கிழமை போகி, ஊரெல்லாம் புகை. அதை ஒட்டி யாருக்கும் முட்டை எடுக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் போன மாதமே சொல்லி வைத்தேன். சரி என்றார். இன்று நாகவல்லியின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். முட்டைகளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதாம். எனக்குத் தெரியாதா அது.

ஜனவரி 11. சனி

நாகவல்லிக்கு ஐந்து முட்டைகள் கிடைத்தன. முதிர்ந்தவை மூன்று. பன்னிரண்டு மணிக்கு மூன்றிலும் ஒவ்வொரு விந்தணுவை ஊசியால் செலுத்தி, இன்குபேட்டரில் வைத்தேன். ஊசி பிசகவில்லை. பதினாலு வருட அனுபவத்தில் இது ஒன்றாவது மிச்சம்.

நாகவல்லிக்கு முப்பத்துமூன்று வயது. வீடு நெமிலிச்சேரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. புருஷன் டில்லிபாபு லேத் பட்டறையில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருடம். எங்களிடம் இது மூன்றாவது முறை. முதல் முறை ஒன்றும் தேறவில்லை, இரண்டாவது ஆறு வாரத்தில் கலைந்துவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, இத்தோட போதும்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டோம். இனிமே ஊசி போட்டுக்க ஒடம்புல எடமில்ல. இந்தவாட்டி வந்தா வரட்டும்."

பார்க்கலாம்மா என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

ஜனவரி 12. ஞாயிறு

காலை ஆறு மணிக்கே போய்ப் பார்த்தேன். மூன்றில் ஒன்று கருத்தரிக்கவே இல்லை. இன்னொன்றில் இரண்டு உட்கருக்கள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று உட்கார்ந்திருந்தன, அது ஆகாது. மிச்சம் ஒன்று. ஒன்றே ஒன்று.

ஆனால் அந்த ஒன்று என்ன அழகு! நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள், ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. விந்தணு உள்ளே போன கையோடு எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணமான அன்றே மாப்பிள்ளையும் பெண்ணும் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்களா? அதுபோலத்தான். முதல் நாள் முழுக்க இரண்டும் தனித்தனியே, அவரவர் சுவருக்குள். பிறகுதான் சுவர் கரையும். அப்போதும் அம்மாவின் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க ஒரு நூல்கட்டு, அப்பாவுடையவற்றுக்கு ஒரு நூல்கட்டு. அந்த இரண்டு கட்டும் ஒரே திசையில் சேர்ந்து நின்றால்தான் செல் ஒழுங்காக இரண்டாகப் பிரியும். யாரும் கற்றுக்கொடுக்காமல், எந்த மேஸ்திரியும் நிற்காமல் அது நடக்கிறது. பதினாலு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் வாய் பிளக்கிறேன்.

சாயங்காலம் லேப்பின் வெளிக்காற்று வரும் வழியை மூடி டேப் ஒட்டினேன். கதவிடுக்கில் ஈரத் துணி. உள்ளே வடிகட்டி மட்டும் ஓடுகிறது. நாளைக்கு அம்பத்தூர் முழுக்கப் புகை.

ஜனவரி 13. திங்கள். போகி

அறிவு கெட்டவள் நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஐந்தரை மணிக்கு வந்தபோதே தெருவில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. கீழே டயர் கடைக்காரர் பழைய டியூப்களைக் குவித்து வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடுகிறார். எங்கள் அட்டெண்டர் தமிழ்வாணன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நிற்கிறார்.

"அண்ணாத்தே, டியூப கொளுத்தாத. மேல புள்ளைங்க கீது."

"புள்ளைங்களா? மேல யாரும் அட்மிட்டே ஆவலியே?"

"கீது நைனா. கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல கீது. அதுங்களுக்குப் புகை ஆவாது."

கடைக்காரர் ஒரு நிமிடம் அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு டியூப்களை ஒவ்வொன்றாகக் கடைக்குள் கொண்டுபோய்ப் போட்டார். தமிழ்வாணன் அண்ணனுக்கு ஆயுசு நூறு.

அந்தச் சந்தோஷத்தில் மேலே ஓடினேன். எங்கள் இன்குபேட்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும், திறக்கவே வேண்டாம். திரையில் கடைசிப் படத்தைப் பார்த்தேன். ஒரு செல் மூன்றாகியிருந்தது. முதலில் இரண்டாகி, அதில் ஒன்று முந்திக்கொண்டு மறுபடி பிரிந்திருக்கிறது, வழக்கம்தான் என்று நினைத்து, முந்தைய படங்களைப் பார்க்காமலே நாகவல்லிக்குப் போன் போட்டேன். "வளருதுமா. மூணா பிரிஞ்சிருக்கு."

வைத்த பிறகுதான் படங்களைப் பின்னோக்கி ஓட்டினேன். நேற்று மாலை நாலு பத்துக்கு ஒரே செல். நாலு இருபதுக்கு மூன்று. நடுவில் இரண்டு என்பதே இல்லை. நூல்கள் இரண்டு பக்கம் இழுக்க வேண்டியதற்கு மூன்று பக்கம் இழுத்திருக்கின்றன. குரோமோசோம்கள் யாருக்கு எத்தனை போனதோ, படைத்தவனுக்குத்தான் தெரியும்.

அரை மணியில் டில்லிபாபுவிடமிருந்து போன். "மேடம், மூணு கரும்பு வாங்கிட்டேன் மேடம். புள்ளைக்கு ஒண்ணு. எங்க தெரு பூரா சொல்லியாச்சு!"

மூன்று பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார்கள். மூணா பிரிஞ்சிருக்குன்னா வேற என்ன நெனைப்பாங்க? பதினொரு வருஷமா ஒண்ணுக்கு ஏங்கினவங்க. அங்கேயே சொல்லியிருக்கணும். சரி சார், சரி சார்னு வச்சிட்டேன்.

பதினோரு மணிக்கு லேப் தலைவர் பார்த்தசாரதி சார் வந்தார். படத்தை இரண்டு முறை பார்த்தார். "மூணா உடைஞ்சது முளைக்காது, ஃபஸீலா. ரிப்போர்ட் எழுதி மூடிடுங்க. நாலு நாள் ஆசை காட்டி அப்புறம் இல்லேன்னு சொல்றது இன்னும் பாவம்."

அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருடம் பார்த்தவர். எங்கள் லேப்பின் விதியும் அதுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதுவரை இப்படி மூன்றாகப் பிரிந்த நாற்பத்தோரு கருக்கள் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. நாற்பத்தொன்றையும் அன்றன்றே எடுத்து அழித்துவிட்டோம். விட்டே பார்க்காமல் முளைக்காது என்று எப்படி சார் தெரியும் என்று கேட்டேன்.

"படிச்சிருக்கோமேம்மா."

"நானும்தான் சார் படிச்சிருக்கேன். அதுல கொஞ்சம்தான் வளரும்னு போட்டிருக்கு. ஒண்ணுகூட வளராதுன்னு போடல."

வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஆறாம் நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கெடையாது. ஆனா அவங்ககிட்ட உண்மையை நீங்கதான் சொல்லணும்."

சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜனவரி 14. செவ்வாய். பொங்கல்

ஊரே பொங்கல் வைக்கிறது, நான் திரை முன்னால். காலையில் எட்டு செல் இருக்கவேண்டியது ஐந்துதான் இருந்தது. அதில் ஒன்று பெரிதாக, மந்தமாக, ஒரு பக்கம் ஒதுங்கி.

மூன்றாம் நாள்தான் நெருக்கடி. இதுவரை நடந்ததெல்லாம் முட்டைக்குள் தாய் கட்டிக்கொடுத்தனுப்பிய சாப்பாட்டில் ஓடியது. இனி கரு தன் சொந்த ஜீன்களை இயக்கித் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். பல கருக்கள் இங்கேதான் நின்றுபோகும்.

மத்தியானம் வரை தள்ளிப்போட்டேன். பிறகு வெட்கத்தைவிட்டு போன் செய்தேன். நாகவல்லிதான் எடுத்தாள். பின்னால் பொங்கலோ பொங்கல் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பிள்ளைகள் இல்லை, ஒரே கரு, அதுவும் தப்பாகப் பிரிந்திருக்கிறது, பெரியவர் எடுத்துவிடச் சொன்னார், நான் அவசரப்பட்டுச் சொன்னது என் தப்பு, மன்னிச்சிடுமா.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யக்கா. இன்னும் உசுரோட கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இருக்குமா."

"அப்ப போதும். அதுவா போற வரைக்கும் நீங்க போவ வுடாதீங்க."

பின்னால் டில்லிபாபு இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அழுதேன். ஒரு பண்டிகை நாளை நாசமாக்கிவிட்டு அவளிடமே ஆறுதலும் வாங்கிக்கொண்டேன்.

மாலை ஆறு மணி: ஏழு செல்.

ஏழு!

ஜனவரி 15. புதன்

காலை: ஒன்பது செல்லோ பத்தோ, எண்ண முடியவில்லை. சண்டைபோட்ட பிள்ளைகளைப் போல ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. நாலாம் நாளுக்குள் இவை ஒன்றோடொன்று ஒட்டவேண்டும்.

மதியம்: ஒட்டவில்லை. பார்த்தசாரதி சார் எட்டிப் பார்த்து, சுவர்க் காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அது வாய்விட்டுச் சொல்வதைவிட மோசம்.

மாலை ஐந்து நாற்பது: ஒட்டுகிறது!! கண்ணெதிரே, படத்துக்குப் படம் எல்லைக்கோடுகள் மறைகின்றன. சின்னச் செல்கள் எல்லாம் நெருங்கி, அணைத்து, ஒரே உருண்டையாகிக்கொண்டிருக்கின்றன. அந்த மந்தமான பெரிய செல்லையும், அதன் கூட்டாளி ஒன்றையும் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டு இவை கதவைச் சாத்திக்கொண்டன.

இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கணக்குத் தப்பிய செல்களைக் கரு தானே ஒதுக்கிவிடும் என்று. எப்படித் தெரிகிறது அதற்கு, எது வேண்டும் எது வேண்டாம் என்று? யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஒதுக்கப்பட்ட இரண்டும்தான் கெட்டவை, உள்ளே இருப்பவை நல்லவை என்று நானும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சார் சொன்ன சொல்லை, லேப்பில் எழுதி வைத்த விதியை எல்லாம் தாண்டி, அது தன் வேலையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறது. எனக்கு லேப்புக்குள்ளேயே குலவையிட வேண்டும்போல் இருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு குலவையிட முடியாது. தமிழ்வாணன் அண்ணனைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் கட்டைவிரலைக் காட்டினேன். அவருக்கு என்னவென்றே தெரியாது, அவரும் காட்டினார்.

நாகவல்லிக்கு ஒரே வரி: இருக்கு, ஒண்ணா சேர்ந்திருக்கு. அதற்குமேல் ஒரு எழுத்து சேர்க்கவில்லை. பட்டது போதும்.

ஜனவரி 16. வியாழன். காணும் பொங்கல்

ஐந்தாம் நாள். உள்ளே நீர்க்குமிழி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு கீறல் மாதிரி இருக்கிறது. என் ஆசையா, நிஜமா தெரியவில்லை.

ஊர் முழுக்கக் கடற்கரைக்குப் போகிறது. "இந்த டப்பாவைப் பாக்கிறதுக்கா லீவு வேணாம்னே?" என்றார் அத்தா. ஆமாம்.

நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைதான் கெடு.

ஜனவரி 17. வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழு மணிக்குப் போனேன். நேராகக் கடைசிப் படத்துக்குப் போகவில்லை. போகிப் பாடம் நினைவிருக்கிறது. நேற்று மாலையிலிருந்து ஒவ்வொரு படமாக வந்தேன். அந்தக் கீறல் அகன்றது. குமிழியானது. குமிழி வளர்ந்து பாதியை நிறைத்தது. காலை நாலு மணிக்குக் கரு மேலுறையைத் தள்ளிக்கொண்டு விரிந்திருக்கிறது. உறை தாளைப்போல மெலிந்திருக்கிறது. குமிழியின் ஒரு ஓரத்தில் சின்னதாக, நெருக்கமாக, பிள்ளையாகப்போகிற செல் கூட்டம். ஒதுக்கிய இரண்டும் உறைக்கும் கருவுக்கும் இடையில் சுருண்டு கிடக்கின்றன.

ஜெயிச்சிட்டோம்டி நாகவல்லி. ஜெயிச்சிட்டோம்!

பார்த்தசாரதி சாருக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. குனிந்தபடியே முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஓட்டினார். மீண்டும் ஓட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் தோற்றவனின் களை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் முதன்முதலாக ரயில் எஞ்சினைப் பார்த்த மாதிரி இருந்தார்.

"நாற்பத்தொன்னு" என்றார் மெதுவாக. "நாற்பத்தொன்னை எடுத்துட்டோமே ஃபஸீலா."

எல்லாம் வளர்ந்திருக்காது சார் என்றேன். அது உண்மைதான். ஆனாலும் என் வெற்றிக்குள் அந்த எண் ஒரு முள்ளாகக் குத்துகிறது. அதில் பாதிக்கு மேல் நான் என் கையால் எடுத்தவை.

பதினொன்றரைக்குக் கருவை உறையவைத்தோம். பிப்பெட்டை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். சாட்சிக் கையெழுத்து மட்டும் அவர் போட்டார்.

நாகவல்லிக்கு இந்தமுறை டில்லிபாபுவும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னேன். ஒரு கரு. ஒன்றுதான். நன்றாக வந்திருக்கிறது. அவள் உடம்பு தேறியதும் கருப்பையில் வைக்கலாம். பிடிக்குமா பிடிக்காதா என்பது இன்னும் தெரியாது. எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன்.

"அது இம்மாம் போராடி வந்துகீது, நான் ஒரு எடம் குடுக்க மாட்டேனா?" என்றாள்.

பிப்ரவரி 19. புதன்

வைத்தாயிற்று. உருகி வெளியே வந்த ஒரு மணி நேரத்தில் கரு மறுபடி விரிந்துகொண்டது. அசராத ஜென்மம்.

டில்லிபாபு வெளியே செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "வேணாம் மேடம், காலு நிக்கமாட்டேங்குது, நடந்துகினே இருக்கணும்" என்றார்.

மார்ச் 2. ஞாயிறு

முதல் நோன்பு. நோன்பு திறக்குமுன் வேண்டிக்கொள்ளும் துஆவில் ஒரு நோயாளியின் பேரைச் சொல்வது இதுவரை வழக்கமில்லை. இன்று சொன்னேன். நாளைக்கு ரத்தப் பரிசோதனை.

மார்ச் 3. திங்கள்

பாசிட்டிவ்.

மார்ச் 20. வியாழன்

இன்று ஸ்கேன். எனக்கு அங்கே வேலையில்லை, என் இடம் லேப். இருந்தும் போய் ஓரமாக நின்றேன். நோன்பில் தலை சுற்றுகிறதென்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். நோன்பால் சுற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். போனமுறை ஆறு வாரத்தில்தான் போனது.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். ஒரு புள்ளி. அது துடித்தது. நிமிடத்துக்கு நூற்றிருபதுக்கும் மேல்.

நாகவல்லி அழவில்லை. திரையைப் பார்த்து, "இதா? இம்மாத்தூண்டா?" என்றாள். பிறகு சிரித்தாள், சிரித்தாள், வயிறு குலுங்கினால் படம் கலைகிறது என்று டாக்டரம்மா அதட்டும்வரை சிரித்தாள். பார்த்தசாரதி சார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தெரியாதவர்போல் போனார். பத்து நிமிடம் கழித்து லேப்பில் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஜலதோஷமாம். அப்படித்தான் சொல்வார்.

ஜூன் 6. வெள்ளி

லேப் விதிப்புத்தகத்தின் புதுப் பிரதி வந்தது. நாலாம் பக்கத்தில் சார் தன் கையெழுத்தோடு ஒரு வரி மாற்றியிருக்கிறார்: மூன்றாகப் பிரிந்த கருக்களை ஆறாம் நாள் வரை எடுக்கக் கூடாது.

ஜனவரிக்குப் பிறகு அப்படி நான்கு வந்தன. மூன்று நின்றுவிட்டன. ஒன்று வளர்ந்திருக்கிறது. நான்கு வீட்டுக்கும் நானே போன் செய்தேன், முதல் படத்திலிருந்து பார்த்த பிறகு, சொல்லவேண்டியதை முழுதாக. வளராத மூன்று வீட்டுக்குச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு அம்மா, "கடைசி வரைக்கும் பாத்தீங்கல்ல, அது போதும்மா" என்றார்.

அக்டோபர் 29. புதன்

மழை. டில்லிபாபுவிடமிருந்து போன். "மேடம்... மேடம்..." என்று நாலு முறை. பிறகு தமிழ்வாணன் அண்ணன் என் போனை வாங்கி, "அழாம சொல்லு மாமே, நல்லதா கெட்டதா?" என்று கத்தினார். நல்லது. பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அம்மாவும் நலம்.

லேப்பில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். கீழே டயர் கடைக்காரருக்கும்.

நவம்பர் 12. புதன்

மத்தியானம் சும்மா நாகவல்லிக்குப் போன் செய்தேன். பத்து மாதமாக அவளுக்கு ஏதாவது தகவல் சொல்வதற்காகவே கூப்பிட்டிருக்கிறேன். இன்று என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான்.

"யக்கா, அப்பறமா பேசறேன், அழுவுது" என்று வைத்துவிட்டாள்.

மொத்தம் ஏழு விநாடி. குழந்தை நல்ல சத்தமாகத்தான் அழுதது.